எண்ணெய் இருபத்துநாலுக்கு மட்டும்

இரண்டு நீல மேலங்கிகளையும் துவைப்பது அவள்தான். மாலை ஐந்தே காலுக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பின்பக்கக் குழாயடியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். முதலில் மகனுடையது, அதில்தான் கறை அதிகம். பைகளைத் துழாவி, மறந்துபோன சாக்கட்டியையும் கசங்கின தாளையும் எடுத்து வைத்துவிட்டு, அங்கியைத் தலைகீழாகப் பிடித்து உதறுவாள். இரும்புத்தூள் சோப்புக்கு மசியாது. முதலில் உதற வேண்டும், பிறகு தட்ட வேண்டும், அதன் பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். முதல் வாரம் இது தெரியாமல் நேரே வாளியில் முக்கிவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் அங்கி முழுக்க மஞ்சள் புள்ளி, அம்மை போட்ட மாதிரி.

காலரின் உள்பக்கம் சிவப்பு நூலால் 23 என்று தைத்திருக்கிறாள். இன்னொன்றில் 24. இருபத்துமூன்று மகன். இருபத்துநான்கு அவள். தொழிற்பயிற்சிக் கல்லூரியில், ஃபிட்டர் பிரிவில், இரண்டு பேரும் ஒரே வகுப்பு, அடுத்தடுத்த மேசை. அவனுக்கு வயது இருபது. அவளுக்கு நாற்பத்தேழு.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். காலர் மட்டும். ஒரு முழுச் சட்டை தைத்ததில்லை. “நாட்டுல பாதிப் பேர் கழுத்து என் கையிலதான் இருந்துச்சு. நெரிக்கத்தான் தோணல” என்பாள். ஒரு திங்கட்கிழமை காலையில் போனபோது வாசலில் பூட்டுத் தொங்கியது. வேலை போனவர்களுக்குத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வயது வரம்பில்லாமல் இடம் தருவதாகப் பூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு ஏசினார்கள். அவள் இரண்டு தடவை படித்தாள்.

வீட்டில் அப்போது ஒரு முதுகு இருந்தது. பள்ளி இறுதித் தேர்வில் தவறிய மகன் பதினோரு மாதமாகச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துக் கிடந்தான். கத்துகிற பிள்ளையோடு திருப்பிக் கத்தலாம், அழுகிற பிள்ளையோடு சேர்ந்து அழலாம். முதுகோடு என்ன பேசுவது? சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போவாள்; வந்து எடுப்பாள். அவன் நெற்றி பட்டுப் பட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது. கணவர் வெளியூருக்கு வேலைக்குப் போன இடத்திலேயே இன்னொரு அடுப்பு மூட்டி ஏழு வருஷம் ஆகிறது. அதைக்கூட அவள் இத்தனை பயந்து பார்க்கவில்லை. அந்தப் பிசுக்கைப் பார்த்துப் பயந்தாள்.

“டேய், ஃபிட்டர் பிரிவுல ரெண்டு இடம் இருக்காம். வந்து சேருடா” என்று அன்று முதுகிடம் சொன்னாள்.

“நீ மொதல்ல சேரு. நீ சேந்தா நானும் சேர்றேன்” என்றது முதுகு. கிண்டல்தான்.

மறுநாள் மதியம் இரண்டு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். ஒன்று நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வாங்கியாகிவிட்டது. மற்றதை அவன் தலைமாட்டில் வைத்தாள். “என்னோடது ஆச்சு. சொன்ன வார்த்தை உன் வாயிலேருந்துதானே வந்துச்சு?” அவன் எழுந்து உட்கார்ந்து அவளை வெகுநேரம் பார்த்தான். பதினோரு மாதத்தில் அன்றுதான் அவன் முகம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

கல்லூரிக்கு முன்னால் ஒரு மின்கம்பம் உண்டு. அதுவரைக்கும்தான் தாயும் மகனும். அதைத் தாண்டினால் அவன் பத்தடி முன்னால் போய்விடுவான். அவள் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்று, அந்தப் பத்தடியை அவனுக்குக் கொடுத்துவிட்டு நடப்பாள். முதல் நாளே அவன் கறாராகச் சொல்லிவிட்டான்.

“உள்ள வந்து தம்பி, கண்ணுன்னு கூப்பிட்டியோ, அதோட நான் வரமாட்டேன்.”

“பின்ன எப்படிக் கூப்பிடறது? ஐயான்னா?”

“நம்பரைச் சொல்லு. அங்க எல்லாருக்கும் நம்பர்தான்.”

அப்படியே ஆயிற்று. “இருவத்திமூணு, அந்தச் சின்ன அரத்தைக் குடு.” “இந்தாங்க இருவத்திநாலு.” வீட்டில் ‘நீ’, பணிமனையில் ‘நீங்க’. வெளியிலயாவது மரியாதை கிடைக்குதே என்று அவள் சொல்லிக்கொண்டாள். தொங்கும் துணி எதுவும் இயந்திரத்துப் பக்கம் வரக் கூடாது என்பது அங்கே சட்டம். பெட்டியின் அடியில் கிடந்த கணவரின் கால்சட்டைகளை எடுத்து இடுப்பைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். “மனுஷன் விட்டுட்டுப் போனதுல உருப்படியானது இது ஒண்ணுதான்” என்பாள்.

வகுப்பில் அவளுக்குத் ‘துருவம்மா’ என்று பெயர். அதற்கும் ஒரு காரணம் உண்டு.

முதல் சில மாதம் அங்கே ராவுவதைத் தவிர வேறு வேலை இல்லை. இரும்புத் துண்டை மேசைப் பிடியில் இறுக்கி, அரத்தால் மட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ராவின முகத்தைக் கையால் தடவக் கூடாது. பிசுக்கு ஏறி அரம் வழுக்கும். அவளுக்கோ அடுப்பு மேடையானாலும் சரி, பிள்ளையின் நெற்றியானாலும் சரி, ஒரு வேலையை முடித்தால் உள்ளங்கையால் ஒரு வழி வழித்தால்தான் முடித்த மாதிரி இருக்கும். இரும்பையும் வழித்தாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், பளபளவென்று விட்டுவிட்டுப் போன துண்டில் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்திருக்கும். கட்டைவிரல் ரேகைகூட எண்ணலாம். வலது ஆள்காட்டி விரலின் அடையாளத்தில் மட்டும் குறுக்கே ஒரு வெற்றுக் கோடு ஓடும். தையல் ஊசி பாய்ந்து மறுபக்கம் வந்த தழும்பு அது. எந்த வருஷம் என்று அவளுக்கு நினைவில்லை. ‘காலர்ல ரத்தம் படாம பாத்துக்க’ என்று மேற்பார்வைக்காரன் சொன்னது நினைவிருக்கிறது.

பயிற்றுநர் அந்தத் துண்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். காதில் பென்சில் துண்டு செருகிய, அதிகம் பேசாத மனிதர்.

“அம்மா, உங்களுக்குத் துருக்கை. ஆயிரத்துல ஒருத்தருக்கு வேர்வை இப்படி இருக்கும்.”

“என்ன சார் பண்றது? கையை மாத்தவா முடியும்?”

“உங்க தப்பு இல்ல. ஆனா இரும்புக்கு அது தெரியாதே. தொடுறதுக்கு முன்னாடி கையைத் துடைங்க. சாயங்காலம் வைக்கும்போது எண்ணெய் தடவி வைங்க.” பிறகு வகுப்பைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “எண்ணெய் இருவத்திநாலுக்கு மட்டும்தான். வேற யாரும் தடவினா எனக்கு அளக்கும்போது வழுக்கும்.”

அன்றிலிருந்து அவள் மேசையில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியும் ஒரு பழந்துணியும். பக்கத்து மேசைப் பையன்களுக்கு வாய்க்கு அவல் கிடைத்தது. “துருவம்மா, என் சைக்கிளைத் தொட்டுறாதீங்க. நாளைக்கு எடைக்குத்தான் போடணும்.” அவளும் விட மாட்டாள். “அதுக்கு என் கை வேற வேணுமாடா? அது ஏற்கெனவே உன்னை மாதிரிதானே, தள்ளினாத்தான் நகருது.” எல்லாரும் சிரிப்பார்கள். இருபத்துமூன்று மட்டும் தலையைக் குனிந்து ராவிக்கொண்டிருப்பான்.

அவனுக்கு வேலை வரவில்லை. அப்படித்தான் அவள் நினைத்தாள். அரத்தை நேராகத் தள்ளாமல் முன்னும் பின்னும் ஆட்டுவான். துண்டின் நடு மேடாகி ஓரங்கள் சரிந்துவிடும். “ஓடம் ஓட்டாதே” என்று பயிற்றுநர் தினமும் சொல்வார். அவளுக்குத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். நூறு தையல் இயந்திரத்துக்கு நடுவில் எது நூல் அறுந்து ஓடுகிறது என்று சொல்லப் பழகின காது. சரியான அரம் ‘சர், சர்’ என்று ஒரே சுருதியில் போகும். அவனுடையது நடுவில் ‘கீச்’ என்று ஒரு தடவை அழும். அந்தக் கீச்சைக் கேட்கும்போதெல்லாம் அவள் கையிலிருக்கும் அரமும் ஒரு தடவை நிற்கும்.

அவளுக்கோ வந்தது. பத்தொன்பது வருஷம் காலர் முனையைக் கூர்மை குலையாமல் திருப்பின விரலுக்கு இரும்பின் முனை ஒன்றும் புதிதில்லை. வருஷ நடுவில், அவள் மேசைக்கு முன்னால் நின்று பயிற்றுநர் தலையாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

வருஷக் கடைசியில் செய்முறைத் தேர்வு. அதற்கு ‘ஜோடி’ என்று பெயர். இரண்டு இரும்புத் துண்டு. ஒன்றில் சதுரமாக ஒரு நாக்கு, மற்றதில் அதே அளவுக்கு ஒரு பள்ளம். நாக்கு பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இடுக்கில் ஒளி கசியக் கூடாது. ஒரு மயிரிழை கசிந்தால் இத்தனை மதிப்பெண் போச்சு, இரண்டு இழை கசிந்தால் இத்தனை போச்சு என்று கணக்கு. முதல் இரண்டு இடம் வாங்குகிறவர்களைக் குடிநீர் நிலையத்தின் பழுதுபார்க்கும் பிரிவு எடுத்துக்கொள்ளும். “ஒம்பதும் இருவத்திநாலும்தான்” என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். “வயசைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா, நான் பேசியிருக்கேன்” என்று பயிற்றுநரும் சொல்லியிருந்தார்.

அவள் கவலை அதுவல்ல. தேர்வு நெருங்க நெருங்க மகன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். மதியச் சாப்பாட்டுக்கு அவளோடு மரத்தடிக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். டப்பாவை வாங்கிக்கொண்டு போவான். எங்கே போகிறான் என்று தெரியாது. அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட வெட்கம், பையன்களோடு சுற்றுகிறான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் டப்பா மூடியில் கருப்புக் கருப்பாக விரல் அடையாளம். “சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுற பழக்கமே கெடையாதா? மாடு கூடக் காலைக் கழுவிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கும் போல” என்று திட்டிக்கொண்டே தேய்ப்பாள்.

தேர்வு ஆறு மணி நேரம். அவள் கையைத் துடைத்துத் துடைத்து ராவினாள். ஆனாலும் கடைசி ஒரு மணி நேரத்தில் துணி வேர்வையில் நனைந்து ஊறிவிட்டது. நாக்கைப் பள்ளத்தில் இறக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். ஒரு துளி ஒளி இல்லை. இரண்டு இரும்பும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது மகன் அரத்தை வைத்தான். அவன் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது; காலையில் சுத்தியல் பட்டிருந்தது. செய்த துண்டில் அவரவர் எண்ணை இரும்பு அச்சால் அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை அவன் வருஷம் முழுக்க அவளிடமே விட்டுவிடுவான். அவள் அடித்தால் எழுத்து நேராக விழும்.

“இருவத்திநாலு, என்னோடதுலயும் நம்பர் அடிச்சுக் குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

அவள் மேசையில் இப்போது இரண்டு ஜோடி. அவள் தன்னுடையதைப் பார்த்தாள். அவனுடையதைப் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது சுவரும், உள்ளங்கை அகலப் பிசுக்கும். இந்தத் தடவை படுத்தால் எத்தனை மாதம்? தனக்கென்ன, மறுபடி எழுதிக்கொள்ளலாம். தோற்றுத் தோற்றுப் பழகின உடம்பு. அச்சுப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு. மூன்று. தன் ஜோடியை இழுத்து வைத்துக்கொண்டு அடித்தாள். நான்கு அடி. பிறகு இரண்டு, நான்கு. அவன் ஜோடியில் நான்கு அடி. எல்லாம் நேராக விழுந்தன.

அதன் பிறகு குப்பியைத் திறந்து, பழந்துணியில் இரண்டு சொட்டு விட்டு, 24 என்று போட்ட ஜோடியை எண்ணெய் தடவித் துடைத்தாள். வருஷம் முழுக்கக் கைக்குப் பழகின காரியம். தலையைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. 23 என்று போட்டதை அப்படியே காய்ந்த இரும்பாகக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தாள். இருபத்துமூன்றுக்கு யார் எண்ணெய் தடவுவார்கள்?

பயிற்றுநர் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டி முத்திரை போட்டார். வெளித் தேர்வாளர் வர ஒரு வாரம் ஆகும்.

அந்த ஒரு வாரம் வீடு வீடாக இருந்தது. மகன் சாப்பாட்டுக்குத் தானாக வந்து உட்கார்ந்தான். மூன்றாம் நாள், தட்டைப் பார்த்தபடி, “இந்தத் தடவை பரவாயில்லன்னு நெனைக்கிறேன்மா” என்றான்.

“கண்டிப்பா பாஸ்டா” என்றாள் அவள், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் தனக்குக் கிடைத்த கூலியாக எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வெளித் தேர்வாளர் மதியம் இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. காலையில் பயிற்றுநர் அலமாரியைத் திறந்து வரிசையாக எடுத்து மேசையில் அடுக்கினார். பன்னிரண்டு மணிக்கு இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் இரண்டு ஜோடி. ஒன்று எண்ணெய்ப் பளபளப்போடு தேய்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. மற்றதன் மேல் முழுக்க விரல்கள். பழுப்பு விரல்கள். மேலே நான்கு, பக்கவாட்டில் கட்டைவிரல், எண்ணைச் சுற்றிலும் அழுத்திப் பிடித்த உள்ளங்கை. ஆள்காட்டி விரல் பட்ட இடத்திலெல்லாம் குறுக்கே ஒரு வெற்றுக் கோடு.

அதில் 23 என்று அடித்திருந்தது.

பயிற்றுநர் அவளைக் கேட்கவில்லை. மகனைக் கேட்டார். “இது யாரோட கை?”

அவன் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அந்த விரல்களை அவனுக்குத் தெரியாதா? இருபது வருஷம் அவன் தலையைத் துவட்டின விரல்கள்.

“அம்மாவோடது” என்றான். அந்தக் கட்டடத்துக்குள் அவன் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றுதான்.

“உனக்குத் தெரியுமா இது?”

“தெரியாது சார்.”

“நான்தான் சார் பண்ணேன்” என்றாள் அவள் அவசரமாக. “அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் வெளிய போயிட்டான். என்னை எடுத்துடுங்க. அவனை விட்டுடுங்க. அவனோடது ஃபெயிலாப் போயிடும்னு...”

பயிற்றுநர் கையைக் காட்டி நிறுத்தினார். எண்ணெய் பூசின ஜோடியை எடுத்தார். பழந்துணியால் நிதானமாகத் துடைத்தார். நாக்கைப் பள்ளத்தில் இறக்கினார். கொஞ்சம் இடறி, பிறகு உட்கார்ந்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து அவளைப் பார்க்கச் சொன்னார். இடது மூலையில் ஒரு மயிரிழை வெளிச்சம். மற்ற இடமெல்லாம் இருட்டு.

“காலையில இதை அளந்தேன். அறுபத்திநாலு மார்க் வரும். அறுபது வந்தா பாஸ்.” அவர் அதைத் தாளின் மேல் திரும்ப வைத்தார். “ரெண்டு மாசமா மதியச் சாப்பாட்டு நேரம் பூராவும் பணிமனையிலதான் நின்னான் இவன். ஒரு கையில டப்பா, ஒரு கையில அரம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னான். நானும் சொல்லல.”

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தேர்வின் கடைசி ஒரு மணி நேரத்தில் பக்கத்து மேசையில் கீச் சத்தம் வரவில்லை. சர், சர் என்று ஒரே சுருதி. அது அவள் காதில் விழத்தான் செய்தது. பாவம், கைவிட்டுட்டான், சும்மா தேய்க்கிறான் என்று அப்போது நினைத்தாள்.

“பாத்ததைப் பாக்கலன்னு சொல்ல எனக்கு வராதும்மா” என்றார் பயிற்றுநர். “நம்பர் மாத்தி அடிச்சிருக்குன்னு எழுதித்தான் ஆகணும். ரெண்டு பேரோடதும் ரத்தாயிடும். ஆறு மாசம் கழிச்சு அடுத்த வகுப்போட மறுபடி எழுதுங்க. குடிநீர் நிலையத்துக்கு ஒம்பதும் பதிமூணும் போகும்.” காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எழுதாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். “அப்படியே விட்டிருந்தா ரெண்டு பேரும் பாஸும்மா. நீங்க மொத எடம்.”

வீட்டுக்குத் திரும்பும்போது மின்கம்பத்தைத் தாண்டியும் அவன் பத்தடி முன்னால்தான் நடந்தான். அவள் எட்டி நடந்தாள். அவனும் எட்டி நடந்தான். சந்து முனையில் மூச்சு வாங்கி நின்றாள். அவன் நிற்கவில்லை.

அவள் உள்ளே நுழைந்தபோது மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்திருந்தான். பழைய இடம். சுவர்ப் பக்கம் முகம். அந்தப் பிசுக்கை அவள் எத்தனையோ தடவை சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள்; மங்கினதே தவிரப் போகவில்லை. அவன் நெற்றி அளவெடுத்த மாதிரி அதன்மேல் போய்ப் பொருந்தியிருந்தது.

வெளியில் இன்னும் வெயில் இருந்தது. அவள் தன் அங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “எழுந்து ஒரு வாய் சாப்பிடுடா” என்று சொல்லிப் பார்த்தாள். “ஆறு மாசம்தானே. கண்ண மூடித் தொறந்தா ஓடிடும்” என்றும் சொல்லிப் பார்த்தாள். முதுகு அசையவில்லை. கடைசியில், வேறு என்ன செய்வது என்று தெரியாமல், துவைக்க எடுத்துப் போகலாம் என்று ஆணியில் தொங்கிய அவன் அங்கியின் பக்கம் கையை நீட்டினாள்.

“அம்மா.”

கை நின்றது.

“கண்டிப்பா பாஸ்னு சொன்னியே அன்னைக்கு.” அவன் சுவரிடம்தான் பேசினான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பிழைத்த மாதிரி இருந்திருக்கும். “நீ எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்றேன்னு நெனச்சேன். அதான் சிரிச்சேன்.”

அவள் நீட்டிய கை ஆணிப் பக்கமே இருந்தது.

“நம்பர் அடிக்கிறதுக்கு முன்னாடி என்னோடதை ஒரு தடவை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தியா, பாக்கலியா? அது மட்டும் சொல்லு.”

குழாயடியில் வாளிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அவள் நீட்டிய கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். அது ஈரமாகத்தான் இருந்தது. கால்சட்டையில் அதை ஒரு தடவை துடைத்தாள். இன்னொரு தடவையும் துடைத்தாள். அவன் அங்கியைத் தொடாமல், தன்னுடையதை மட்டும் மார்போடு சுருட்டிக்கொண்டு, பின்பக்கக் குழாயடிக்குப் போனாள்.